தாத்தா ஏன் முறைக்கிறார்?

கேள்வி: ஹாலில் மாட்டியிருக்கும் தாத்தாவின் ஆயில் பெயின்டிங், நான் எங்கே போனாலும் என்னையே பார்க்கிறதே சார்! (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: உங்கள் மேல் மட்டும் தனிக் கோபமெல்லாம் இல்லையம்மா. அதே நேரத்தில் எதிர்மூலையில் பேப்பர் படிக்கும் உங்கள் வீட்டுக்காரரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நேராகப் பார்க்கும் முகத்தில் கருவிழி கண்ணின் நடுவில் இருக்கும். படமோ தட்டை. நீங்கள் ஓரமாகப் போனால் முகம் கொஞ்சம் ஒடுங்கும். கருவிழி நடுவைவிட்டு நகராது. மூளை அதை ‘என்னைத்தான் பார்க்கிறார்’ என்றே எடுத்துக்கொள்ளும். மெரினா உழைப்பாளர் சிலையைச் சுற்றி நடந்து பாருங்கள், அங்கே இந்த வித்தை பலிக்காது. நாலடி நகர்ந்தால் ஒரு கன்னம் மறையும், இன்னொன்று தெரியும்.

1824-லேயே இங்கிலாந்து விஞ்ஞானி வோலஸ்டன் இன்னொரு வேடிக்கை காட்டினார்: வரைந்த கண்களை அப்படியே விட்டு, முகத்தின் மற்ற பகுதியை மட்டும் மாற்றினால் பார்வையே வேறு பக்கம் திரும்பியதுபோல் தோன்றும். உங்கள் ஓவியர் தாத்தாவை ஜன்னல் பக்கம் பார்க்க வைத்திருந்தால், எங்கே நின்றாலும் உங்களைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்.