கற்பிப்பதா, கட்டளையிடுவதா?

கேள்வி: 'இன்ஸ்ட்ரக்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குக் கற்பித்தல் என்றே பொருள் கொண்டிருந்தேன். ஆனால், கட்சிக்காரர் தம் வழக்கறிஞரை 'இன்ஸ்ட்ரக்ட்' செய்ததாக ஒரு செய்தியில் படித்தேன். வழக்கறிஞருக்கே சட்டம் கற்பித்தாரா?

பதில்: இல்லை, வழக்கை ஏற்று நடத்தும்படி அவரை அமர்த்தி, தமக்கு வேண்டியது இன்னதென்று தெரிவித்தார் என்பதே அங்கு பொருள். கற்பித்தல், பணித்தல் என இரு பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் அடுத்து வரும் சிறு சொல்லே காட்டிவிடும். 'இன்ஸ்ட்ரக்டட் ஹிம் இன் ஸ்விம்மிங்' என்றால் அவனுக்கு நீச்சல் கற்பித்தார். 'இன்ஸ்ட்ரக்டட் ஹிம் டு ஸ்விம்' என்றால் நீந்தும்படி பணித்தார். பின்னதைக் கேட்பவனுக்கு நீச்சல் முன்பே தெரிந்திருப்பது நல்லது!

'டீச்' என்னும் வினைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'டீச் ஹர் மியூசிக்' என்று கற்பவரையும் பாடத்தையும் அடுத்தடுத்து வைக்கலாம். 'இன்ஸ்ட்ரக்ட் ஹர் மியூசிக்' என்பதோ பிழை, நடுவே 'இன்' வேண்டும். அன்றாடப் பேச்சுக்கு 'டீச்' போதும். ஒரு கலையையோ தொழில்திறனையோ முறைப்படி பயிற்றுவிப்பதைச் சொல்லும்போதுதான் மற்றது இயல்பாக ஒலிக்கும். நீதிபதி ஜூரிகளை 'இன்ஸ்ட்ரக்ட்' செய்கிறார் என்னும்போது மட்டும், பொருந்தும் சட்டத்தை அவர் விளக்குவதோடு அதன்படி முடிவெடுக்கவும் பணிப்பதால், இரு பொருள்களும் ஒருசேர நிற்கின்றன.