ஒரே நோயைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணா போர் அடிக்காதா?

கேள்வி: பரம்பரை ரத்த நோய்கள் பத்தின ஆராய்ச்சியில போகலாம்னு இருக்கேன். ஒரே நோயை இருபது வருஷம் படிக்கிறது போர் அடிக்காதா? மருந்து கண்டுபிடிக்கலைன்னா அந்த உழைப்பு வேஸ்ட்டா?

பதில்:

போர் அடிக்கும், முதல்லயே சொல்லிடறேன். தலசீமியா (ஹீமோகுளோபின் சங்கிலி போதுமான அளவு உருவாகாத பரம்பரை ரத்தசோகை), சிக்கிள் செல் (தமிழ்ல அரிவாள் செல் ரத்தசோகைன்னு எழுதுவாங்க) ரெண்டையும் கட்டிக்கிட்டு பதினெட்டு வருஷமா மாரடிக்கிறேன். அதுல பாதி நாள் ட்யூபுக்கு லேபிள் ஒட்டுறது, ஃப்ரீசர்ல தொலைஞ்ச பெட்டியைத் தேடுறது, கிராண்ட் அப்ளிகேஷன் எழுதுறது, அது ரிஜெக்ட் ஆகி வந்ததும் அதையே தலைப்பை மாத்தி திரும்ப அனுப்புறதுன்னே ஓடியிருக்கு. போர் அடிக்கிறது இந்த வேலைகள்தான், நோய் இல்ல. நோய் இன்னும் எனக்குத் தண்ணி காட்டிட்டுதான் இருக்கு.

சிக்கிள் செல்லையே எடுத்துக்கோங்க. ஹீமோகுளோபின்ல (சிவப்பணுவுல ஆக்சிஜனைச் சுமக்கிற புரதம்) பீட்டா சங்கிலின்னு ஒண்ணு, 146 அமினோ அமிலம் வரிசையா கோத்தது. அதுல ஆறாவது இடத்துல குளுடாமிக் அமிலம் இருக்கணும், அங்க வேலின் வந்து உக்காந்துக்குது. டிஎன்ஏல பாத்தா ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அவ்ளோதான், அதுக்கே ஆக்சிஜன் குறைஞ்சா சிவப்பணு வளைஞ்சு விறைச்சுப்போய் சின்ன ரத்தக்குழாயில அடைச்சுக்குது, அந்த வலியை அனுபவிச்சவங்க சொல்லிக் கேட்டா ராத்திரி தூக்கம் வராது. 1910ல சிகாகோவுல ஜேம்ஸ் ஹெரிக்ங்கிற டாக்டர் கிரெனடாவுலேர்ந்து பல் மருத்துவம் படிக்க வந்த பையனோட ரத்தத்துல இந்த வளைஞ்ச அணுக்களைப் பாத்ததா எழுதினார். 1949ல லைனஸ் பாலிங்ங்கிற வேதியியல் விஞ்ஞானியோட குழு கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறுலயே இருக்குன்னு காட்டிட்டாங்க, அப்புறம் 1957ல வெர்னான் இன்கிராம் அது எந்த அமினோ அமிலம்னே சொல்லிட்டார். ஒரு நோய்க்கு மூலக்கூறு அளவுல காரணம் தெரிஞ்சது இதுக்குத்தான் முதல்ல. ஆனா அந்த ஜீனையே குறிவெச்சு எடிட் பண்ற சிகிச்சைக்கு முதல் அனுமதி கிடைச்சது 2023 நவம்பர்ல, பிரிட்டன்ல. நடுவுல 74 வருஷம்! ஹைட்ராக்ஸியூரியான்னு ஒரு மருந்து வந்துச்சு, எலும்பு மஜ்ஜை மாற்று வந்துச்சு (பொருந்துற டோனர் கிடைச்சவங்களுக்கு), இருந்தாலும் காரணம் தெரிஞ்சா மருந்து தானா வந்துடும்னு யாராவது சொன்னா இந்த 74ஐ நினைச்சுக்கோங்க.

ஸாரி, மேல 'அந்த ஜீனையே'ன்னு எழுதிட்டேன், அது தப்பு. கேஸ்ஜெவிங்கிற அந்த சிகிச்சை மாறிப்போன எழுத்தைத் தொடவே தொடாது! எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். 1948ல நியூயார்க்ல ஜேனட் வாட்சன்னு ஒரு குழந்தை டாக்டர், சிக்கிள் செல் உள்ள கைக்குழந்தைங்க முதல் சில மாசம் நல்லாத்தான் இருக்காங்க, அப்புறம்தான் பிரச்சினை ஆரம்பிக்குதுன்னு கவனிச்சாங்க. பிறந்த குழந்தைக்கு ரத்தத்துல பெரும்பாலும் கரு ஹீமோகுளோபின்தான் இருக்கும், அது காப்பாத்துது போலன்னு அவங்க யூகம். குழந்தைங்களை உத்துப் பாத்ததுல வந்த யூகம் அது. அறுபது வருஷம் கழிச்சு 2008ல பிசிஎல்11ஏங்கிற ஜீன்தான் கரு ஹீமோகுளோபினை அணைச்சு வெக்கிற ஸ்விட்ச்னு தெரிய வந்துச்சு. கேஸ்ஜெவி ரத்த ஸ்டெம் செல்லுல அந்த ஸ்விட்ச்சைத்தான் பழுதாக்குது, உடம்பு மறுபடி கரு ஹீமோகுளோபினைச் செய்ய ஆரம்பிச்சுடுது. ரொம்ப லேசா சொல்லிட்டேன், அதுக்கு முன்னாடி கீமோ குடுத்து மஜ்ஜையைக் காலி பண்ணணும், அது ஒண்ணும் விளையாட்டு இல்ல. வாட்சன் கண்டுபிடிச்சது மருந்து இல்ல. அவங்க உழைப்பு வேஸ்ட்டான்னு நீங்களே சொல்லுங்க.

டேவிட் வெதரால் கதையும் இதே ஜாதிதான். 1950கள் கடைசியில கட்டாய ராணுவ சேவைக்காக சிங்கப்பூர் போன இளம் டாக்டர், அங்க ஒரு கூர்க்கா சிப்பாயோட பெண் குழந்தை காரணமே தெரியாத கடும் ரத்தசோகையில கிடக்குது, ரத்தம் ஏத்தி ஏத்தித்தான் உயிரோட இருக்குது. தோண்டித் துருவிப் பாத்தா தலசீமியா. மத்தியதரைக் கடல் பக்கத்து வியாதின்னு அப்போ பேர் வாங்கின ஒண்ணு நேபாளக் குடும்பத்துல எப்படி? 1960ல அதைப் பேப்பரா போட்டார், அப்புறம் 2018ல சாகுற வரைக்கும் அந்த நோயை விடல. ஹீமோகுளோபினோட ஆல்ஃபா, பீட்டா சங்கிலி ரெண்டுல எது குறைவா உருவாகுதுன்னு அளக்கிற முறையை ஜான் கிளெக்கோட சேந்து கொண்டுவந்தது, ஆக்ஸ்ஃபோர்டுல மூலக்கூறு மருத்துவத்துக்குன்னே 1989ல ஒரு இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சது எல்லாம் அந்த ஒரு குழந்தையில தொடங்கினதுதான்.

இப்போ என் லட்சணத்தையும் சொல்றேன். பிஹெச்டி ரெண்டாவது வருஷம், ஹெச்பிஎல்சி மெஷின்ல (ரத்தத்துல எந்தெந்த ஹீமோகுளோபின் எவ்ளோ இருக்குன்னு பிரிச்சுக் காட்டுறது) சாம்பிள் ஓட்டுறேன். ஆறேழு நிமிஷத்துல கிராஃப் வந்துடும், பெரிய மலை ஏ (வழக்கமான ஹீமோகுளோபின்), பக்கத்துல சின்ன மேடு ஏ2 (கொஞ்சமே இருக்கிற வகை, பீட்டா தலசீமியா கேரியருக்கு இது கூடும்), எல்லாத்துக்கும் சதவீதம் போட்டுக் குடுத்துடும். ஒரு சின்னப் பையனோட சாம்பிள் வந்துச்சு, தலசீமியா சந்தேகம்னு சீட்டுல எழுதியிருக்கு. கிராஃப் சுத்தமா இருக்கு, ஏ2 2.8. நான் ஜம்முனு 'நார்மல்'னு எழுதி வெச்சுட்டேன். எங்க சீனியர் டெக்னீஷியன் அதை எடுத்துப் பாத்துட்டு, "ஏம்மா, எப்போ ரத்தம் ஏத்துனாங்கன்னு கேட்டியா?"ன்னாரு. கேக்கல. போன் போட்டுக் கேட்டா அஞ்சு நாள் முன்னாடி ஏத்தியிருக்காங்க. அதாவது நான் படிச்சது அந்தப் பையனோட ரத்தத்தை இல்ல, யாரோ ரத்தம் குடுத்த மகராசனோட ரத்தத்தை! சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால ஒரு மூணு மாசமாவது பொறுக்கணும். அவ்ளோ நாள் அந்தப் பையன் தாங்க மாட்டான், அப்பா அம்மாவை டெஸ்ட் பண்ணோம். ரெண்டு பேருக்கும் ஏ2 அஞ்சுக்குப் பக்கத்துல, அணு சைஸ் சின்னது, அணு எண்ணிக்கை மட்டும் ஜாஸ்தி. ரெண்டு பேருமே பீட்டா தலசீமியா கேரியர், அதாவது பழுதான ஜீன் ஒண்ணு மட்டும் இருக்கு, நோய் இல்ல; இப்படி ரெண்டு பேர் சேந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலுல ஒரு வாய்ப்பு. அந்த அம்மாவுக்கு ரத்தசோகைன்னு சொல்லி வருஷக்கணக்கா இரும்பு மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க, ஏன் ஏறலைன்னு ஒருத்தரும் யோசிக்கல. மெஷின் பொய் சொல்லல, நான்தான் அது யாரோட ரத்தம்னு கேக்காம விட்டேன். அன்னிக்குப் பட்ட சூடு இன்னும் ஆறல.

அந்த அப்பா அம்மா என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணு உண்டு, அதையே அப்புறம் நூறு பேர் கேட்டுட்டாங்க. "நாலுல ஒண்ணுன்னு சொன்னீங்க, ஒண்ணு நோயோட பொறந்தாச்சு, அப்போ அடுத்த மூணும் நல்லா இருக்கும்ல?" இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் கணக்கு புதுசா ஆரம்பிக்கும். முதல்ல ஜெனடிக்ஸ் படம் வரைஞ்சு விளக்குவேன், தலையாட்டிட்டு போய் அதையே திரும்பக் கேப்பாங்க. இப்பல்லாம் அப்பா கையில ஒரு காசு, அம்மா கையில ஒரு காசு குடுத்து சுண்டச் சொல்றேன், ரெண்டும் பூ விழுந்தா நோய். மூணாவது நாலாவது தடவையே திரும்ப ரெண்டும் பூ விழுந்து முகம் மாறுறதைப் பாத்திருக்கேன். கஷ்டமா இருக்கும், ஆனா புரிஞ்சிடும். ஆராய்ச்சின்னு நீங்க கேட்டதுல இது சேராதுன்னு தோணலாம், எனக்கு இதுதான் பாதி வேலை.

இந்தப் பழுதான ஜீனெல்லாம் ஏன் இன்னும் அழியாம இருக்குன்னா மலேரியாதான் காரணம், கேரியரா இருந்தா கொஞ்சம் பாதுகாப்பு. தலசீமியாவுக்கு ஹால்டேன்ங்கிற விஞ்ஞானி 1949ல இதை யூகிச்சார், சிக்கிளுக்கு ஆலிசன்ங்கிறவர் 1954ல ஆதாரம் காட்டினார். அது ஒரு தனிக் கடல், தனியா கேளுங்க, எழுதுறேன்.

டாக்டருக்குப் படிச்சுட்டு வரணுமா, நேரா பிஹெச்டி போதுமான்னு அடுத்து கேப்பீங்க. நான் நேரா வந்தவ, ரெண்டு வழியும் நடக்கும். ஆனா லேப்லயே உக்காந்துடாதீங்க, வாரத்துல ஒரு நாளாவது ரத்தம் ஏத்துற வார்டுல போய் உக்காருங்க. யாரும் உங்களைக் கேக்கமாட்டாங்க, பேப்பர்லயும் கணக்கு வராது, போங்க.

இதை எழுதும்போது மேஜையில ஒரு ரிப்போர்ட் கிடக்கு. கர்ப்பமான பொண்ணு, ஏ2 3.4. வழக்கமா 3.5க்கு மேல போனாத்தான் கேரியர்னு சொல்லுவோம், ஆனா இரும்புச்சத்து குறைஞ்சிருந்தா ஏ2 இறங்கிக் காட்டும், அணு சைஸ் வேற 66 தான் இருக்கு, கேரியருக்கு இருக்கிற மாதிரியே சின்னது. மெஷின் கணக்குப்படி இது நார்மல். காலைல முதல் வேலையா அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு ஃபெரிட்டின் (உடம்புல சேமிப்பா இருக்கிற இரும்பு எவ்ளோன்னு காட்டுற டெஸ்ட்) பாத்தாங்களான்னு கேக்கணும், வீட்டுக்காரரையும் ஒரு தடவை கூட்டிட்டு வரச் சொல்லணும்.