தம்பிக்கு நகையை அடகு வைத்து ட்ரிபிள் ஈ டிப்ளமோவா?

பத்தாவது முடித்த தம்பியைத் தனியார் பாலிடெக்னிக்கில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) டிப்ளமோவில் சேர்க்க, வருடம் 45,000 ரூபாய்க்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க, இப்போதைக்கு நகையைத் தொடாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றிலும் அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது. எலக்ட்ரீஷியன் படிப்பு 2 வருடம். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். முடித்த பிறகு டிப்ளமோ வேண்டுமென்றால் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொத்தத்தில் ஒரு வருடம் கூடும், அவ்வளவுதான். ஐடிஐ முடித்ததும் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் அப்ரண்டிஸாகப் போனால் கையில் காசும் வரும், தொழிலும் படியும். மின்வாரியத்தில் கள உதவியாளர் வேலைக்கும் ஐடிஐ சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்.

டிப்ளமோதான் என்று தம்பி பிடிவாதமாக இருந்தால், கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்குக்கு முதலில் விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரிதான் என்றால், பணம் கட்டும் முன் அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். இறுதியாண்டுப் பையன் ஒருவனிடம் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் திறந்து, மோட்டார் எரிந்துபோகாமல் காக்கும் ஓவர்லோடு ரிலே எது, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் எது என்று காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கே பணம் கட்டாதீர்கள். நம் ஊரில் தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் ஓடுகிறது, அதைக்கூடத் தொட விடாத படிப்புக்கு வட்டி கட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

தம்பியின் கணக்கு மார்க் எவ்வளவு என்று எழுதுங்கள். டிப்ளமோவில் பல பேர் அரியர் வைப்பது அதில்தான்.