மாப்பிள்ளை வீட்டுப் பெயர் எஸ்போசிட்டோ: பிரபு வம்சமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் இத்தாலிய வம்சாவளிப் பையனை மணந்திருக்கிறாள். குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா 1909-ல் நேப்பிள்ஸில் கப்பலேறி வந்தவராம். இது பழைய பிரபு வம்சம், குலச்சின்னத்தோடு சான்றிதழ் தருகிறோம் என்று ஒரு இணையதளம் சொல்கிறது. பேரன் பிறந்தநாளுக்கு வாங்கலாமா? உண்மையான பூர்வீகத்தை எப்படித் தேடுவது?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் காசில் பேரனுக்கு ஒரு மோதிரம் போடுங்கள். எந்தப் பெயரைத் தட்டினாலும் சிங்கமும் கேடயமும் அச்சடித்துத் தரும் வியாபாரம் அது. பிரபுப் பட்டங்களை இத்தாலி நாடே 1948 முதல் அங்கீகரிப்பதில்லை.

எஸ்போசிட்டோ என்றால் 'வெளியே விடப்பட்டவன்' என்று பொருள். நேப்பிள்ஸில் அனுன்சியாத்தா ஆலயத்தோடு சேர்ந்த காப்பகத்தின் சுவரில் சுழலும் பெட்டி ஒன்று இருந்தது. தெருவிலிருந்து குழந்தையை வைத்துச் சுற்றினால் உள்ளே போய்விடும், வைத்தவர் முகம் உள்ளே தெரியாது. நம் ஊர் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1875-ல்தான் அந்தப் பெட்டியை மூடினார்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இந்த ஒரே பெயரைத்தான் வைத்தார்கள். அதனால்தான் இன்று நேப்பிள்ஸில் எங்கு திரும்பினாலும் எஸ்போசிட்டோ. இரண்டு எஸ்போசிட்டோக்கள் பங்காளிகளாக இருக்க வேண்டியதே இல்லை. மிலானில் கொலொம்போ, ஃபுளோரன்ஸில் இன்னொசென்ட்டி என்று ஊருக்கு ஊர் இப்படிப் பெயர்கள் உண்டு. நெப்போலியனின் தங்கை கணவர் மூரா நேப்பிள்ஸை ஆண்டபோது (1808–1815) இந்தப் பெயர் வைப்பதற்குத் தடை வந்தது. ஆகவே காப்பகத்தில் விடப்பட்டவர் அநேகமாகக் கொள்ளுத்தாத்தா அல்ல, அவருக்கும் சில தலைமுறை முந்தியவர்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விடப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் முறைதவறிப் பிறந்தவர்கள் அல்ல. வறுமையில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து விட்டுச் சென்ற பிள்ளைகளும் உண்டு. அப்படி விட்டவர்களில் சிலர், பின்னாளில் அடையாளம் காட்டி மீட்பதற்காக, ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்துப் பாதியைத் துணியில் முடிந்து வைப்பார்கள். குழந்தை வந்த நேரம், உடுத்தியிருந்த துணி, கூட இருந்த பொருள் என்று காப்பகம் பதிவேட்டில் எழுதி வைத்தது. மாப்பிள்ளையின் முன்னோர் பெயர் அங்கே அகப்பட்டால், உண்மையான பெற்றோர் பற்றி ஒரு குறிப்பாவது கிடைக்கலாம். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள்.

சரி, தேடுவது எப்படி? கப்பலில் வந்து குடியேறுபவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று அந்த வீட்டில் யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டாம். புறப்படும் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிய பயணிகள் பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள். பெயரைத் திருத்திக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அப்புறம் நடந்தது. 1909-ஆம் ஆண்டுப் பட்டியலில் பிறந்த ஊருக்கென்று தனிக் கட்டம் உண்டு. அதை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நேப்பிள்ஸ் கப்பலேறிய இடம் மட்டும்தான், சொந்த ஊர் உள்ளே எங்கோ ஒரு கிராமமாக இருக்கலாம்.

ஊர் தெரிந்துவிட்டால், இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அன்டெனாட்டி' தளத்தில் பழைய பதிவேடுகளைப் படமாகவே பார்க்கலாம், காசு கிடையாது. நேப்பிள்ஸ் பக்கம் 1809 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் தொடங்குகின்றன. கொள்ளுப்பாட்டியைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள், அங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பெயரிலேயே பதிவாவார்கள். தளத்தில் இல்லையென்றால் உள்ளூர் நகராட்சிக்கு எழுத வேண்டும். ஒரே ஒரு பிறப்புப் பதிவுக்காக நான் பதினோரு மாதம் காத்திருந்தேன். கடைசியில் வந்தது வேறொருவருடைய பதிவு!

இந்தத் தாமதத்தை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். இத்தாலியக் குடியுரிமையும் வாங்கித் தருகிறோம் என்பார்கள். 2025-ல் வந்த சட்டம் கொள்ளுத்தாத்தா வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

முதலில் கப்பல் பட்டியலில் அந்த வரியைக் கண்டுபிடியுங்கள். ஊர்ப் பெயரின் கையெழுத்து புரியாவிட்டால் படமெடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.