வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்

(தக்கலைப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் உறுப்பினர், பஜாரில் தையல் கடை நடத்துகிறார். அவருடைய வார்டு மக்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.)

அரைமணி நேரம் மழை பெய்தாலே தெருவில் முழங்கால் தண்ணீர். மூன்று வருடமாகச் சொல்கிறோம், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். எப்போதுதான் முடியும்?
– வாசகி, குளத்தங்கரைத் தெரு

தலையாட்டியது உண்மைதான் அக்கா. முதல் வருடம் எனக்கே விவரம் தெரியாது. தெரு ஓடை பேரூராட்சியின் பொறுப்பு. அந்த ஓடை போய் விழுகிற சானல், அதாவது பாசனக் கால்வாய், நீர்வளத்துறையின் பொறுப்பு. இரண்டும் சேரும் குழாயில்தான் அடைப்பு. நான் அது புரியாமல், ஒரே மனுவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது.

இன்னொன்றும் பிறகுதான் புரிந்தது. பொதுவாகப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைப் பிப்ரவரிக் கடைசியில் நிறுத்தினால், கன்னிப்பூ நெல் நடவுக்காக ஜூன் வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். சானலில் ஆள் இறங்கக் கிடைப்பது அந்த இடைவெளிதான். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்து கேட்டால் யாராலும் இறங்க முடியாது. இந்த மார்ச்சில் இரண்டு இடத்திலும் மனு கொடுத்து, ஆள் இறங்கும்போது நானும் கரையில் நின்றேன்.

குழாய்க்குள்ளிருந்து வந்ததைச் சொல்கிறேன்: வாழைத்தண்டு, தேங்காய் மட்டை, முடிச்சுப் போட்ட பையில் டயபர், ஒரு தலையணை. கடைசியாகக் கம்பியில் கோத்துக்கொண்டு வந்தது துணிக் கற்றை. சேறு வழிந்தபோது உள்ளே நீல நிறம் தெரிந்தது. பள்ளிச் சீருடைத் துணி, முனை வளைவாக வெட்டியது. என் கத்திரி வெட்டு எனக்குத் தெரியாதா? கடைப்பையன் அதைச் சானலில் கொட்டியிருக்கிறான், நான் கேட்டதே இல்லை. சுத்தம் செய்த அண்ணன் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வெட்டுத்துணியைச் சாக்கில் கட்டி, மக்காத குப்பையோடு கொடுக்கிறேன்.

இந்த மழைக்குத் தண்ணீர் கணுக்கால் வரைதான் வந்தது என்றார்கள். குழாய் சிறியது. பெரிதாக்க மதிப்பீடு கேட்டிருக்கிறேன். தேதி சொல்ல என்னால் முடியாது.

தெரு நாய்களைப் பிடித்துக் காட்டில் விட்டால் என்ன?
– வாசகர், பள்ளிக்கூடச் சந்து

விட முடியாது. 2023-ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளின்படி, தெருவில் பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். ஒருவேளை கடித்துவிட்டால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள்பொடி வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அப்புறம், உங்கள் சந்து முனையில் மீன் கழிவைக் கொட்டுவது யார் என்று எனக்குத் தெரியும். எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

பக்கத்து வீட்டு அயினி மரம் எங்கள் ஓட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது. சொன்னால் ‘என் மரம், என் விளை (தோட்டம்)’ என்கிறார்.
– வாசகி, கீழத்தெரு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, எங்கள் விளையில் இப்படித்தான் ஒரு மரம் ‘நிற்கட்டும்’ என்று நின்றது. காலையில் அடுக்களையின் பாதியைக் காணவில்லை. அடுப்பின்மேல் கிளை கிடந்தது, இட்லிப் பாத்திரம் மட்டும் நசுங்காமல் இருந்தது.

விழக்கூடிய நிலையில் இருக்கும் மரத்தை அகற்றச் சொல்ல, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 152-ஆம் பிரிவில் சப் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தில் 133. மரம் சாய்ந்திருப்பதும் உங்கள் ஓடும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, தக்கலையில் உள்ள சப் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். நகலை எனக்குத் தாருங்கள். அதற்கு முன் ஒரு தடவை நானும் வந்து பேசிப் பார்க்கிறேன். அவருடைய அம்மா என் கடைக்கு வருகிறவர்.

தெருவிளக்கு எரியவில்லை.
– வாசகர், கோயில் தெரு

கம்பத்தில் பெயின்டில் எழுதிய எண்ணைச் சொல்லுங்கள். ‘மாமரத்துக்குப் பக்கத்தில்’ என்றால் லைன்மேன் எந்த மாமரத்தைத் தேடுவார்?

சொத்து வரியைச் சீக்கிரம் கட்டினால் சலுகை உண்டா?
– வாசகர், மேலத்தெரு

உண்டு. முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும், இரண்டாவதை அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் குறையும். அதிகபட்சம் 5000 ரூபாய்.

உங்களுக்கு மாதம் எவ்வளவு சம்பளம்?
– வாசகர், பஜார் ரோடு

2023 ஜூலை முதல் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2500 ரூபாய் மதிப்பூதியம். லைனிங் வைத்த பிளவுஸ் பத்து தைத்தால் அதற்குமேல் கிடைக்கும் அண்ணாச்சி. உங்கள் மகளின் பிளவுஸ் மூன்று வாரமாகக் கடையில் தொங்குகிறது. காசைக் கொடுத்து எடுத்துப் போங்கள்.