“நல்லா இருக்கீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள்: தொற்றுக் காலத்தில் சபை விசாரிப்பு, கேள்வி பதில்

செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 2020-இல் கொரோனா தொற்றால் ஆலயக் கதவு மூடிய வாரத்திலிருந்து, சபையாரைக் கூப்பிட்டு நலம் கேட்டுக் கவனிக்கும் எங்கள் சபையின் விசாரிப்புக் குழுவை நடத்தி வருகிறேன். அந்த நாட்களில் எனக்கு வந்த கேள்விகள் இவை, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் போதகர் இல்லை. உபதேசம் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

சபைச் செயலர் ஒருவர்: ஸ்தோத்திரம் அக்கா. ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போடுகிறோம். நிறையப் பேர் பார்க்கிறார்கள். ஆனாலும் சபை சிதறிப்போன மாதிரியே இருக்கிறது. எதில் தவறுகிறோம்?

ஒளிபரப்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது தம்பி. விசாரிப்பு அதன் வேலையே இல்லை. முன்பெல்லாம் ஆராதனை முடிந்து வாசலில் பத்து நிமிடம் நிற்போமே, யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் படுக்கையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். நீங்கள் இழந்தது அந்தப் பத்து நிமிடத்தை.

சபைப் பதிவேட்டை எடுங்கள். 120 குடும்பம் இருந்தால் 20 பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு ஆறு வீடு. வாரம் ஒரு அழைப்பு. எந்த வீடு யாருடையது என்று பெயர் போட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாங்களே சாட்சி. இரண்டாம் மாதத்தில் ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல். பாடகர் குழு பார்த்துக்கொள்ளும் என்று ஐக்கியச் சங்கம் நினைத்தது, ஐக்கியச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பாடகர் குழு நினைத்தது. பதினோரு நாள் ஒருவரும் கூப்பிடவில்லை. பிற்பாடு அந்த அம்மா என்னிடம், “எல்லாருக்கும் எங்களைத் தெரியும்னு நினைச்சேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து பட்டியல் போட்டேன்.

வாலிபர் கூட்டத்திலிருந்து: அக்கா, எனக்கு ஆறு வீடு கொடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் எல்லாரும் “நல்லா இருக்கோம், ஜெபிச்சுக்கோங்க” என்று வைத்துவிடுகிறார்கள். அடுத்து என்ன பேசுவது?

“நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். மருத்துவமனையில் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், மூச்சு வாங்கிக்கொண்டே “நல்லா இருக்கேன் சிஸ்டர்” என்பார்கள்.

என் பட்டியலில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. ஐந்து வாரமும் “சமாதானமா இருக்கேன்மா” என்றே சொன்னார். ஆறாவது வாரம், “பாட்டி, பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க, எத்தனை மிச்சம் இருக்கு எண்ணுங்க” என்றேன். நடக்கும் சத்தம், டிராயர் இழுக்கும் சத்தம், அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. “நாலு இருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிறேன்.” வெளியே போகப் பயந்து மாத்திரையை மிச்சம் பிடித்திருக்கிறார்.

அதனால் எண்ணக்கூடியதை, பார்க்கக்கூடியதைக் கேளுங்கள். மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது? நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? கடைசியாக யாரோடு பேசினீர்கள்? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? பிரசங்கம் வேண்டாம். ஜெபத்தைக் கடைசியில் வையுங்கள், அவர்கள் சொன்ன காரியத்துக்காகவே ஜெபியுங்கள். வைக்கும் முன் அடுத்த அழைப்பு எந்தக் கிழமை என்று சொல்லுங்கள், அந்தக் கிழமை தவறாமல் கூப்பிடுங்கள்.

ஒரு மூப்பர்: சகோதரி, சபை கூடுதலை விட்டுவிடாதீர்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது ஆலயத்தை மூடுவது அவிசுவாசம் அல்லவா?

ஐயா, அந்த வசனத்தை முழுவதும் வாசித்தால் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுவதும் அதிலேயே இருக்கிறது. இதற்கு முன்னும் சபை இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. 1527-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஊரை விட்டு ஓடவில்லை, நோயாளிகளைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். ஆனால் அந்தச் சமயம் அவர் எழுதிய கடிதத்தில், மருந்து எடுத்துக்கொள்வேன், எனக்கு வேலையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், என்னால் இன்னொருவருக்குத் தொற்றக்கூடாது, அயலானுக்கு நான் தேவைப்பட்டால் மட்டும் தயங்காமல் போவேன் என்கிறார். இரண்டும் ஒரே மனிதரின் விசுவாசம்தான்.

1666-இல் இங்கிலாந்தின் ஈம் கிராமத்தில் போதகர் வில்லியம் மாம்பெசன் ஆலயத்தைப் பூட்டிவிட்டு, வெளியே ஒரு பள்ளத்தாக்கில் ஆராதனை நடத்தினார். குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்றார்கள். நோய் அடுத்த ஊருக்குப் போகக்கூடாது என்று கிராமமே தன்னை அடைத்துக்கொண்டது. அவருடைய மனைவியும் அந்தக் கொள்ளைநோயிலேயே இறந்தார். அந்தப் போதகரை அவிசுவாசி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பாடகர் குழுத் தலைவர்: கை கழுவி, தள்ளி நின்று பாடினால் பயிற்சி நடத்தலாமா?

மூடிய அறையில் வேண்டாம். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு தேவாலயக் கட்டடத்தில், ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். பரிசோதனையில் உறுதியானவர்கள் 33, அறிகுறியை வைத்துக் கணக்கில் எடுத்தவர்கள் 20, ஆக 53 பேர் நோயில் விழுந்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களும் கிருமிநாசினி வைத்திருந்தார்கள். பாடும்போது மூச்சு ஆழமாக உள்ளே போய் பலமாக வெளியே வருகிறது, நுண்துளிகள் அறைக்குள்ளேயே மிதக்கின்றன; கை கழுவுவது அதைத் தடுக்காது. ஒவ்வொருவரும் வீட்டில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பட்டும், ஒருவர் சேர்க்கட்டும். சுருதி கொஞ்சம் பிசகினாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஒரு சகோதரி: அக்கா, என் கணவருக்குத் தொற்று என்று ஒருவரிடம் மட்டும் ஜெபத்துக்குச் சொன்னேன். அரை மணி நேரத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு வந்துவிட்டது.

உங்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியது சபை. ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் போனாலும் அது வம்புதான். எங்கள் குழுவில் ஒரே விதி வைத்தோம்: நோய், பணம், குடும்பச் சண்டை மூன்றையும் அந்த வீட்டாரே “போடுங்கள்” என்று சொன்னாலொழிய பெயரோடு எழுதக்கூடாது. “ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்” என்று போட்டால் போதும், கர்த்தருக்கு விலாசம் தெரியும். மீறினவரைப் போதகர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். குழுவில் வைத்துக் கண்டித்திருந்தால் அதுவே இன்னொரு வம்பாகியிருக்கும்.

இன்னொன்று, வீட்டில் நோயாளி இருப்பதால் சொல்கிறேன். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அவர் தெம்பாகப் பேசினாலும், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்த நோயில் மூச்சுத் திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் குறைவது உண்டு. விசாரிப்புக் குழுவில் இருப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

பலர் கேட்டது: ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களை என்ன செய்வது?

சாதாரணப் போனில் ஆராதனையைக் கேட்க வையுங்கள். ஒருவர் அழைத்து ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால்கூடப் போதும். இல்லாவிட்டால் பிரசங்கக் குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் வைத்துவிட்டு வாருங்கள், கீழே கையால் இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளைகளைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பவுல் சிறையிலிருந்து சபையை விசாரித்தது கடிதத்தில்தானே! சிறைக்குப் போகும் முன்பே அவர் எழுதிய ரோமர் 16-ஐயும் பாருங்கள், அதிகாரத்தின் பெரும்பகுதி பெயர் பெயராக வாழ்த்துதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்பாவை அடக்கம் செய்தபோது நாங்கள் ஐந்து பேர்தான். சபை பாடவில்லை, யாரும் கட்டிப் பிடித்து அழவில்லை. மூன்று மாதம் ஆகிறது, இன்னும் அடக்கமே முடியாத மாதிரி இருக்கிறது.

தம்பி, முடியவில்லைதான். உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. துக்கத்தைத் தூக்க நாலு தோள் வேண்டும், உங்களுக்கு அது கிடைக்கவில்லை.

உங்கள் போதகரிடம் கேளுங்கள், தாமதமானாலும் ஒரு நினைவு ஆராதனை வைக்கலாம். எங்கள் சபையில் ஒரு குடும்பத்துக்கு ஜூமில் வைத்தோம். பிரசங்கம் ஐந்து நிமிடம், மீதி முழுவதும் இறந்தவரைப் பற்றிச் சபையார் பேசினார்கள். ஞாயிறு பள்ளியில் அவரிடம் படித்த ஒருவர், அவர் கைப்பட எழுதிக் கொடுத்த வசன அட்டையை இருபது வருடம் கழித்து எடுத்து கேமரா முன் காட்டினார். கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. மகன் அதற்குப் பிறகுதான் அழுதார்.

சபைகளுக்கும் சொல்கிறேன்: இறந்த தேதியைக் குறித்து வையுங்கள். முதல் வாரம் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் கூப்பிட ஒருவரை நியமியுங்கள். “தேவசித்தம்” என்று தொடங்க வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். வீட்டார் அந்தப் பெயரைக் கேட்கத்தான் ஏங்குகிறார்கள். தூக்கம், சாப்பாடு இரண்டும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் போகச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஒருவர்: வீட்டிலிருந்தே திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கலாமா?

சபைக்குச் சபை ஒழுங்கு வேறு. சிலர் அனுமதித்தார்கள், சிலர் காத்திருக்கச் சொன்னார்கள். உங்கள் போதகரைக் கேளுங்கள்.

ஒரு பொருளாளர்: பண உதவி தேவைப்படுகிறவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை.

கேட்க மாட்டார்கள். “யாருக்காவது உதவி வேண்டுமா?” என்று குழுவில் போட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார். அழைக்கிறவர் மூலம் நீங்களே கண்டுபிடியுங்கள். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். கணக்கு இருவர் கையெழுத்தோடு இருக்கட்டும், வாங்கினவர் பெயர் அந்த இருவரோடு நிற்கட்டும்.

ஒரு போதகரின் மனைவி: எல்லாரையும் அவர் விசாரிக்கிறார். அவரை யாரும் விசாரிப்பதில்லை.

அம்மா, இதைக் கேட்டதும் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். போதகர் வீடு யார் கணக்கிலும் இல்லை. இந்த வாரத்திலிருந்து அது என் ஏழாவது வீடு, செவ்வாய்க்கிழமை கூப்பிடுவேன். உங்கள் சபைச் செயலரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.