திருந்தியவருக்கு ஏன் கருணை கிடைக்கவில்லை?

கேள்வி: ஐயா, தெருக்கும்பல் ஒன்றைத் தொடங்கி மரண தண்டனை பெற்ற அமெரிக்கர் ஸ்டான்லி 'டூக்கி' வில்லியம்ஸின் சாம்பல் நம் சொவெட்டோவில் தூவப்பட்டதாக என் பேரன் சொல்கிறான். சிறையில் திருந்திக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் எழுதினாராமே, பிறகு ஏன் கருணை காட்டவில்லை? நம் நாடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பேரன் சொன்னது உண்மைதான் அம்மா. வில்லியம்ஸின் நூலாக்கத்தில் துணைநின்ற பார்பரா பெக்னெல், அவருடைய விருப்பப்படியே 2006இல் சொவெட்டோவின் தொக்கோசா பூங்காவில் அச்சாம்பலைத் தூவினார்.

லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த வில்லியம்ஸ், 1971இல் ரேமண்ட் வாஷிங்டனுடன் சேர்ந்து கிரிப்ஸ் கும்பலைக் கட்டியெழுப்பினார். 1979இல் நடந்த இரண்டு கொள்ளைகளில் நான்கு பேரைக் கொன்றதாக 1981இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கடையில் இரவுப் பணியில் இருந்த இளைஞர் ஒருவர் பின்னறையில் முதுகில் சுடப்பட்டார். சிறு விடுதி நடத்திவந்த தம்பதியும் அவர்களுடைய மகளும் அடுத்த மாதம் கொல்லப்பட்டனர். வில்லியம்ஸின் மனமாற்றத்தைப் போற்றுவோர் இந்த நால்வரை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வேதனை தருகிறது.

சான் குவென்டின் சிறையில் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனிமைச் சிறையில் இருந்த காலத்தில்தான் அவர் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படிக்கத் தொடங்கினார். கும்பல் வாழ்க்கையிலிருந்து சிறுவர்களைத் தடுக்கும் அவருடைய நூல்கள் 1996இல் வெளிவந்தன. கிரிப்ஸை உருவாக்கியதற்காக மறு ஆண்டே பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

ஆனால், அந்த நான்கு கொலைகளைத் தாம் செய்யவில்லை என்பதில் இறுதிவரை உறுதியாக நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்தாதவர் திருந்தியதாகக் கொள்ள முடியாது என்பதையே முக்கியக் காரணமாகக் காட்டி, கலிபோர்னியா மாநில ஆளுநராக இருந்த ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 2005 டிசம்பர் 12 அன்று கருணை மனுவை நிராகரித்தார். இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்புக்கொண்டால்தான் உயிர்ப்பிச்சை என்று விதி வைத்தால், தவறாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் பொய் சொல்லித்தான் பிழைக்க வேண்டியிருக்கும். வில்லியம்ஸ் குற்றவாளியே என்று வைத்துக்கொண்டாலும், ஆயுள் முழுவதும் சிறையில் அடைத்து வைத்திருந்தால் சமுதாயத்துக்குக் கேடு ஒன்றும் வந்திராது. மறுநாள் நள்ளிரவுக்குப் பின், விஷ ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் ஊழியர்கள் நெடுநேரம் தடுமாறிய பிறகு, 12.35 மணிக்கு அவர் உயிர் பிரிந்தது.

நம் நாட்டில் அவருக்கு இந்த முடிவு நேர்ந்திராது. 1989க்குப் பிறகு தென்னாப்பிரிக்க அரசு யாரையும் தூக்கிலிடவில்லை; 1995 ஜூன் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக மரண தண்டனையை ரத்து செய்தனர். கொலைகள் பெருகும்போதெல்லாம் நம் மக்களில் பலர் அதைத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆயினும், பிடிபட்டுத் தண்டனை பெறும் சாத்தியமே குற்றவாளியைப் பெரிதும் தடுக்கும் என்று அந்த நீதிமன்றத்தின் அன்றைய தலைவர் ஆர்தர் சஸ்கல்சன் அத்தீர்ப்பில் எழுதியிருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.